குடிகாரன் என்று ஏசுவோருக்கும், குடிக்கும் தோழனுக்கும்

கூலி உயர்வு கேட்டு மிராசுதார் வீட்டு வாசலில் போய் நின்றால் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. "ஏற்றிக் கொடுத்தால் மட்டும் என்ன செய்யப் போகிறீர்கள்? பொழுது சாய்ந்ததும் கடையில் கொண்டுபோய்க் கொட்டத்தானே போகிறீர்கள்?" மில் மானேஜரும் இதையேதான் சொல்கிறார், கொஞ்சம் நாசூக்காகச் சொல்கிறார். "போனஸ் கொடுத்த மறுநாள் பாதிப் பேர் வேலைக்கு வருவதில்லையே!" என்கிறார்.

இதைக் கேட்டு நம் தோழர்களில் சிலர் தலைகுனிகிறார்கள். வேறு சிலர், "எங்கள் காசு, எங்கள் உடம்பு, நாங்கள் குடிப்போம், உனக்கென்ன?" என்று சீறுகிறார்கள். இரண்டுமே முதலாளிக்குச் சௌகரியமான பதில்கள். தலைகுனிந்தவன் கூலியைப் பற்றி மேலே பேச மாட்டான். சீறியவன் அன்று மாலையே கடையில் நிற்பான். ஆகவே இந்த விஷயத்தை ஒளிவுமறைவில்லாமல், உள்ளது உள்ளபடி பேசிவிடுவது நல்லது. யார் குடிக்கிறார்கள்? எப்படிக் குடிக்கிறார்கள்? ஒருவன் குடிக்கு அடிமையாவது எதனால்? அதற்கு நாம் என்ன செய்ய வேண்டும்?

கணக்கு என்ன சொல்கிறது?

உழைக்கிறவன் எல்லாம் குடிகாரன் என்பது பச்சைப் பொய். மத்திய சர்க்காரின் சமூக நீதி அமைச்சகத்துக்காக டில்லி எய்ம்ஸ் டாக்டர்கள் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2019ல் வெளிவந்தது. 10 வயது முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 100க்கு சுமார் 15 பேர்தான் மது அருந்துகிறவர்கள் என்று அது காட்டியது. ஆண்களை மட்டும் எடுத்தால் 100க்கு 27 பேர். பெண்களில் 2 பேர்கூட இல்லை. ஆண்களிலேயே நாலில் மூன்று பேர் குடிப்பதில்லை என்று அர்த்தம்.

ஆனால் அதே கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். குடிக்கிறவர்கள் சுமார் 16 கோடிப் பேர். அவர்களில் 5 கோடியே 70 லட்சம் பேருக்குக் குடியால் வந்த கேட்டுக்கு உதவி தேவைப்படுகிறது. அதாவது குடிக்கிற மூன்று பேரில் ஒருவர் ஆபத்தில் இருக்கிறார். சில நாடுகளில் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ஒயின், மாலையில் ஒரு கிளாஸ் பீர் என்று பலரும் கொஞ்சமாகக் குடிக்கிறார்கள். நம் நாட்டிலோ குடிக்கிறவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேர் காட்டமான சரக்கை, வெறும் வயிற்றில், நின்றவாக்கில், மடமடவென்று ஊற்றிக்கொள்கிறார்கள். கேடு இந்தக் குடிக்கும் முறையிலேயே பாதி இருக்கிறது.

ஐந்து படிகள்

நம் ஊர்களிலும் லைன் வீடுகளிலும் பார்த்தால், குடிக்கிற பழக்கம் ஐந்து படிகளாக இருப்பது தெரியும்.

முதல் படி: திருவிழா, கல்யாணம், கருமாதி என்று வருஷத்தில் நாலைந்து நாள். இரண்டாவது படி: சம்பளத் தேதி, வாரக் கூலி நாள். அன்று மட்டும்தான் குடி. ஆனால் அன்று கணக்கு வழக்கில்லை. சண்டை, சாலை விபத்து, வீட்டில் அடிதடி, மறுநாள் வேலை போவது எல்லாம் பெரும்பாலும் இந்தப் படியில்தான். மூன்றாவது படி: தினம் மாலை வேலை விட்டதும். நான்காவது படி: தினம் குடித்தாலும் போதவில்லை, அளவு ஏறிக்கொண்டே போகிறது. ஐந்தாவது படி: விடிந்ததும் கை நடுங்குகிறது, ஒரு மடக்கு உள்ளே போனால்தான் தேநீர் கிளாஸைப் பிடிக்க முடிகிறது.

முதல் படியில் நிற்கிற எல்லோரும் ஐந்தாவது படிக்குப் போய்விடுவதில்லை. ஆனால் ஐந்தாவது படியில் கிடப்பவன் எவனும் நேரே அங்கே வந்து விழுந்தவன் அல்ல. மூன்றாவது படியில் நிற்கும்போது அவனும், "நான் நினைத்தால் நாளைக்கே நிறுத்திவிடுவேன்" என்று சொன்னவன்தான்.

ஒரு குவார்ட்டர், ஒரு ஷிப்ட்

உடம்புக்குள் நடப்பது என்ன? டாஸ்மாக் கடையில் விற்கும் பிராந்தி, ரம் இவற்றில் சாராயச் சத்து 100க்கு 42.8 பங்கு. 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் சுமார் 60 கிராம் சாராயம் இருக்கிறது. நம் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 7 அல்லது 8 கிராம் சாராயத்தைத்தான் கழிக்கும். மோர் குடித்தாலும், எலுமிச்சை பிழிந்தாலும், தலையில் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினாலும் இந்த வேகம் கூடாது. ஆக, ஒரு குவார்ட்டர் உடம்பை விட்டு இறங்க ஏறக்குறைய 8 மணி நேரம் ஆகும். முழுசாக ஒரு ஷிப்ட்! இரவு 10 மணிக்குக் குடித்தவனின் ரத்தத்தில், காலை 6 மணிக்கு சங்கு ஊதும்போதும் மிச்சம் இருக்கும். அந்தக் கையோடு அவன் கார்டிங் மெஷினுக்கு அருகில் போகிறான். கதிர் அடிக்கும் மெஷினில் கட்டைக் கொடுக்கிறான். விரல் போனால், "குடித்துவிட்டு வந்தான்" என்று எழுதி நஷ்டஈட்டைத் தட்டிக்கழிக்க நிர்வாகம் காத்திருக்கிறது.

தினம் குடித்தால் அடிமையாவது எப்படி என்பதையும் பாருங்கள். சாராயம் மூளையை மந்தப்படுத்துகிறது. நாள்தோறும் மந்தப்படுத்தினால், மூளை அதற்கு ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. பாரம் ஏற்றிய வண்டியை மாடு முன்னால் சாய்ந்து, கால் ஊன்றி இழுப்பது போல. அதனால்தான் முன்பு ஒரு கட்டிங்கில் ஏறிய போதை இப்போது ஒரு குவார்ட்டரில்தான் ஏறுகிறது. "எவ்வளவு அடித்தாலும் நான் ஸ்டெடி" என்று ஒருவன் பெருமை பேசினால், அது அவன் பலத்துக்கு அடையாளம் இல்லை. வியாதி முற்றுவதற்கு அடையாளம். இப்படிப் பழகிய பிறகு திடீரென்று குடியை நிறுத்தினால் என்ன ஆகும்? பாரத்தை அவிழ்த்துவிட்டால் மாடு முகம்குப்புற விழுவது போல, அடக்கி வைத்த வேகமெல்லாம் வெளியே வரும். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. சிலருக்கு இரண்டொரு நாளில் வலிப்பு. பிறகு இல்லாததைக் கண்டு அலறும் ஜன்னி. உயிரே போனதும் உண்டு.

அலுப்புக்கு மருந்தா?

"உடம்பு வலிக்குக் குடிக்கிறேன்" என்று சொல்லாத உழைப்பாளி இல்லை. அவன் பொய் சொல்லவில்லை. நாள் முழுதும் கரும்பு வெட்டியவனுக்கும், மூட்டை சுமந்தவனுக்கும், தூசியில் நின்று நைட் ஷிப்ட் பார்த்தவனுக்கும் வலி நிஜம். சாக்கடைக் குழியில் இறங்குகிற தொழிலாளி, பிணவறையில் வேலை பார்க்கிற தொழிலாளி ஆகியோரைக் கேளுங்கள். மூக்கைப் பிளக்கும் நாற்றத்தைக் குடிக்காமல் தாங்க முடியாது என்பார்கள். மனிதன் நிதானத்தோடு செய்ய முடியாத ஒரு வேலையை, ஒரு ஜாதியின் தலையில் கட்டி வைத்துவிட்டு, அவன் குடிக்கிறான் என்று குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஆனால் இந்த மருந்தின் சூதையும் சொல்லியாக வேண்டும். குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும். பாதி ராத்திரியில் அது கலைந்துவிடும். அசல் தூக்கம் இல்லாததால் விடிந்ததும் அலுப்பு இரட்டிப்பாகிறது. கவலையை மறக்கக் குடித்தவனுக்குப் போதை இறங்கியதும் கவலை கூடுகிறது. மழையில் நனைந்தவனுக்குக் குடித்ததும் சூடு ஏறியது போல் இருக்கும். உண்மையில் தோலுக்கு ரத்தம் பாய்ந்து உடம்புச் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். எந்த நோய்க்கு மருந்து என்று தொடங்கினானோ, அந்த நோயையே அது வளர்க்கிறது. வட்டிக்கு வட்டி போடும் லேவாதேவிக்காரன் கதைதான்.

ஏன் சிலர் மட்டும் சிக்குகிறார்கள்?

ஒரே மில், ஒரே ஷிப்ட், ஒரே கூலி. ஒருவன் தப்பிக்கிறான், ஒருவன் சிக்குகிறான். ஏன்? இதில் பிறவிக்கும் பங்கு உண்டு. குடிநோயாளித் தகப்பனுக்குப் பிறந்து, சிறு வயதிலேயே வேறு குடும்பத்தில் தத்துப்பிள்ளையாக வளர்ந்த ஆண்களைப் பற்றி டென்மார்க்கில் ஓர் ஆய்வு செய்தார்கள். அது 1973ல் வெளிவந்தது. மற்றத் தத்துப்பிள்ளைகளைவிட இவர்களிடம் குடிநோய் சுமார் நான்கு மடங்கு அதிகம் இருந்தது. தகப்பன் குடித்ததைக் கண்ணால் பார்க்காமல் வளர்ந்தவர்களுக்கே இந்த நிலை. எனினும் அவர்களிலும் 100க்கு 80 பேருக்கு மேல் குடிநோயாளி ஆகவில்லை. ஆக, தலையெழுத்து என்று எதுவும் இல்லை. தகப்பன் குடியால் கெட்டவன் என்றால் மகன் மற்றவரைவிட எச்சரிக்கையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தொடங்கும் வயதுக்கும் பங்கு உண்டு. 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்கள், 20 வயதுக்குப் பின் தொடங்கியவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக அடிமையாகிறார்கள் என்று அமெரிக்காவில் 1997ல் வெளியான ஆய்வு காட்டியது. பையனைக் கடைக்கு அனுப்பிப் பாட்டில் வாங்கிவரச் சொல்கிற தகப்பன் இதை யோசிக்க வேண்டும்.

மற்றக் காரணங்கள் நம் கண்முன்னே இருக்கின்றன. நேற்று அவன் வாங்கித் தந்தான், இன்று நான் வாங்கித் தராவிட்டால் மரியாதை இல்லை என்கிற சகவாசம். அறுப்பு மெஷின் வந்த பிறகு வேலையில்லாத நாட்கள். மூடிய மில்லின் முன்னால் வருஷக்கணக்கில் தேங்கிய பாக்கி. தீராத கடன். பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம். வேலை விட்டுப் போனால் உட்கார ஒரு வாசகசாலை இல்லை, விளையாட ஒரு மைதானம் இல்லை; விளக்கு எரிகிற ஒரே இடம் கடையாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஒரே அளவு குடித்தாலும் ஏழைக்குத்தான் கேடு அதிகம். ஸ்காட்லாந்தில் பல்லாயிரம் பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்து செய்த ஓர் ஆய்வு 2017ல் இதைக் காட்டியது. பணக்காரனுக்கு வயிற்றில் சோறு இருக்கிறது, ஓய்வு இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். நமக்கு?

கூலிக்குப் பதில் மது

தொழிலாளியின் குடியால் லாபம் அடைந்தவர்கள் வரலாற்றில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் சாராயக் கடைக்குள் வைத்தே கூலி பட்டுவாடா செய்கிற வழக்கம் இருந்தது. கூலி வாங்கியவன் குடிக்காமல் வெளியே வர முடியாது. அதைத் தடுக்க 1883ல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. தென்னாப்பிரிக்காவில் கேப் பகுதித் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை ஒயினாகவே ஊற்றிக் கொடுத்தார்கள். 1960களில் சட்டம் தடுத்த பிறகும் 1990கள் வரை சில பண்ணைகளில் அது தொடர்ந்தது. கர்ப்பத்திலேயே மதுவால் மூளை பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் உலகிலேயே அந்தப் பகுதியில்தான் மிக அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். குடிக்குப் பழகிய கூலியாள் பண்ணையை விட்டு ஓட மாட்டான் என்பது அந்த முதலாளிகளின் கணக்கு.

நம் ஊரில் சில மேஸ்திரிகள் மாலையில் சரக்கு வாங்கித் தந்து வாரக் கூலியில் கழித்துக்கொள்வதும், தேர்தல் வந்தால் ஓட்டுக்கு குவார்ட்டர் கொடுப்பதும் அதே கணக்குதான். இலவசமாக வருகிற பாட்டிலுக்கு விலை இல்லை என்று நினைக்காதீர்கள்.

கஜானாவும் கடையும்

சர்க்கார் என்ன செய்தது? 1937ல் ராஜாஜி மந்திரிசபை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948ல் அது சென்னை ராஜதானி முழுவதும் வந்தது. 1971ல் கடைகளைத் திறந்தார்கள், 1974ல் மூடினார்கள், 1981ல் மறுபடி திறந்தார்கள். 1983ல் டாஸ்மாக் ஏற்பட்டது. 2003ல் சில்லறை விற்பனையையும் அதுவே எடுத்துக்கொண்டது. அந்த 2003-04ல் மதுவால் சர்க்காருக்கு வந்த வருமானம் சுமார் 3,600 கோடி ரூபாய். 2023-24ல் 45,000 கோடிக்கும் மேல். விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும் மூன்று மடங்குக்கு மேல் உயர்வு. இந்தப் பணத்தில் பெரும்பகுதி யாருடையது? கம்பெனி டைரக்டர்கள் கொடுத்ததா? கூலிக்காரர்களின் மடியில் இருந்து போனது.

சட்டம் போட்டுவிட்டால் சாராயம் ஒழியும் என்பதை வரலாறு ஒப்புக்கொள்ளவில்லை. மதுவிலக்குக் காலத்தில் காய்ச்சியவனும் குடித்தவனுமான ஏழை ஜெயிலுக்குப் போனான். கடையைத் திறந்தால் கள்ளச்சாராயம் ஒழியும் என்பதும் பொய். 4,000க்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் திறந்திருக்கும்போதே, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மெத்தனால் ஆலைகளில் பயன்படும் ரசாயனம். உடம்பில் அது கொடிய அமிலமாக மாறி முதலில் கண்ணைக் குருடாக்கும், பிறகு உயிரைக் குடிக்கும். மாண்டவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். டாஸ்மாக் குவார்ட்டருக்குக் காசு போதாதவன்தான் பாக்கெட்டைத் தேடிப் போகிறான்.

ஆனாலும் கடை எங்கே இருக்கிறது, எத்தனை மணி வரை திறந்திருக்கிறது என்பது முக்கியம். முதல் உலக யுத்தத்தின்போது, 1915 முதல், இங்கிலாந்தில் கடை நேரத்தைச் சுருக்கினார்கள். குடிவெறி வழக்குகள் வெகுவாகக் குறைந்தன. ஜனங்கள் எழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆந்திராவின் நெல்லூர் மாவட்டம் சாட்சி. அங்கே எழுத்தறிவு இயக்கத்தின் வகுப்புகளில் கூடிய கூலிக்காரப் பெண்கள், 1992ல் தூபகுண்டா கிராமத்தில் தொடங்கிச் சாராயக் கடைகளை மறித்தார்கள்; ஏலத்தை நடக்கவிடாமல் நிறுத்தினார்கள். 1993 அக்டோபரில் மாநிலம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995ல் முழு மதுவிலக்கு வந்தது. 1997ல் அது தளர்த்தப்பட்டது. கஜானா காலி என்று காரணம் சொன்னார்கள். வெற்றியைப் பெற்றுத் தந்தது பெண்களின் ஒற்றுமை. அதைக் கரைத்தது பட்ஜெட். சர்க்காருக்கு வேறு வருமானம் எங்கே, பணம் படைத்தவன் வரி எங்கே என்று சேர்த்துக் கேட்காமல் கடையை மட்டும் மூடச் சொன்னால் போதாது என்பது இதில் நாம் படிக்க வேண்டிய பாடம்.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது: குடிக்கு அடிமையான தோழன் வியாதிக்காரன். அவனைக் கேலி பேசுவதும், கூட்டத்திலிருந்து விரட்டுவதும், "மனசு வைத்தால் விட்டுவிடலாம்" என்று உபதேசம் செய்வதும் பயனற்றவை. காசநோய்க்காரனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது போல அவனையும் அழைத்துப் போங்கள். எய்ம்ஸ் ஆய்வின்படி குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைத்திருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் மாவட்ட ஆஸ்பத்திரிகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 14446 என்ற இலவச டெலிபோன் எண்ணில் வழி கேட்கலாம். காலையில் கை நடுங்குகிற நிலையில் உள்ளவனை வீட்டில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்தப் பார்க்காதீர்கள்; டாக்டர் மேற்பார்வையில் மாத்திரையும் வைட்டமின் ஊசியும் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும்.

இரண்டாவது, நம் சகோதரிகளுக்கு: சோற்றில், குழம்பில் தெரியாமல் கலக்கிற 'குடி மறக்கும் பவுடரை' வாங்காதீர்கள். அதில் இருக்கும் மருந்தோடு சாராயம் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து வரலாம். டாக்டர் சொல்லி, குடிப்பவன் அறிந்து சாப்பிட வேண்டிய மருந்து அது. அவன் அடித்தால் பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம். வியாதி என்பது அடிப்பதற்கு லைசென்ஸ் ஆகாது.

மூன்றாவது: திரும்பத் திரும்ப விழுகிறானே என்று கைவிடாதீர்கள். இரண்டு முறை, மூன்று முறை விழுந்து எழுந்தவர்கள்தான் கடைசியில் நிலைத்து நிற்கிறார்கள். குடியை விட்டவனுக்கு மாலை நேரத்தில் ஒரு துணை வேண்டும். சங்க ஆபீசில் ஒரு நாற்காலி, ஒரு பேப்பர், ஒரு கிளாஸ் டீ, செய்ய ஒரு வேலை. சம்பள நாளில் இரண்டு தோழர்கள் அவனோடு வீடு வரை நடந்து போங்கள்.

நான்காவது: சர்க்காரிடமும் நிர்வாகத்திடமும் கேட்போம். மில் வாசலிலும் கூலி மக்கள் தெருவிலும் கடை வேண்டாம். நேரத்தைச் சுருக்கு. கள்ளத்தனமாய் விடியற்காலையில் நடக்கும் பார் விற்பனையை நிறுத்து. மது வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, தாலுகா ஆஸ்பத்திரிதோறும் குடிநோய்க்குப் படுக்கையும் டாக்டரும் கொடு. சிகிச்சைக்குப் போன தொழிலாளியின் வேலையைப் பறிக்காதே. எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதே. வயிறாரச் சாப்பிடக் கூலி கொடு.

கூலி ஏறினால் குடி ஏறும் என்கிறவர்களுக்கு நம் பதில் இதுதான்: கூலி என்பது வேலைக்கு விலை. அதை வாங்கியவன் நடத்தைக்கு நீங்கள் ஜாமீன் கேட்க முடியாது. பட்டுப்புடவை வியாபாரியிடம் அந்தப் பணத்தை என்ன செய்வாய் என்று கேட்டுவிட்டா புடவைக்கு விலை கொடுக்கிறீர்கள்?

குடிக்கும் தோழனுக்கு நம் வேண்டுகோள் இது: தோழா, போராடிப் பெற்ற பத்து ரூபாயில் எத்தனை ரூபாய் வீடு போய்ச் சேருகிறது என்று இந்த மாதம் ஒரு தாளில் எழுதிப் பார். நீ எந்தப் படியில் நிற்கிறாய் என்று நீயே பார்த்துக்கொள். கை நடுங்கத் தொடங்கிவிட்டது என்றால் மறைக்காதே. சங்கத்தில் உனக்கு நம்பிக்கையான ஒருவரிடம் சொல். ஆஸ்பத்திரிக்கு உன்னோடு வர ஆள் இருக்கிறது.